குற்றவாளி: பெருங்குடல்

எகிப்து அரண்மனையில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கண்ணுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று அந்தக் காலத்திலேயே ஸ்பெஷலிஸ்டுகள். சுமார் 4,000 வருடங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த இரி என்கிற வைத்தியரின் நினைவுக்கல் கிடைத்திருக்கிறது. அவருடைய பட்டங்களையெல்லாம் அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதிலே ஒரு பட்டத்தைத் தமிழ்ப்படுத்தினால் இப்படி வரும்: ஆசனவாயின் மேய்ப்பர்.

சிரிப்பு வருகிறதல்லவா? அந்த ஊரில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ராஜாவுக்கு எனிமா கொடுக்கிற உத்தியோகம் என்றுதான் இதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கௌரவமான உத்தியோகம்தான். இல்லாவிட்டால் செத்த பிறகும் நிலைக்கட்டும் என்று கல்லில் எழுதி வைப்பார்களா?

எகிப்தியர்களுக்குக் குடலைப் பற்றி ஒரு பெரிய பயம் இருந்தது. சாப்பிடுவதில் ஒரு பகுதி வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அழுகுகிறது. அந்த அழுகலிலிருந்து ஒரு கெட்ட வஸ்து கிளம்பி, உடம்பிலிருக்கும் நாளங்கள் வழியே தலை முதல் கால் வரை பரவுகிறது. காய்ச்சல், கட்டி, கிழத்தனம், சாவு, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அந்த வஸ்துவுக்கு 'வெக்கெது' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிணத்தை மம்மியாக்குகிறபோது குடல்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் அழுகுகிறது. அதைப் பார்த்துப் பார்த்தே இந்த எண்ணம் வந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான ஊகம்தான்.

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட 'ஈபர்ஸ் பாப்பிரஸ்' என்கிற மருத்துவச் சுருளில் வயிற்றைக் கழுவ ஏகப்பட்ட யோசனைகள் இருக்கின்றன. அதில் ஆமணக்கும் உண்டு. ஆமாம், உங்கள் பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெயின் சொந்தக்காரர்தான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்கு டூர் போன கிரேக்க ஆசாமி ஹெரோடோட்டஸ் அசந்துபோய் எழுதுகிறார்: இந்த ஜனங்கள் மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தும் எனிமா எடுத்தும் உடம்பைச் சுத்தம் செய்கிறார்கள். எல்லா வியாதியும் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது என்று நம்புகிறார்கள்.

அதே ஹெரோடோட்டஸ் எகிப்தியப் பூசாரிகளைப் பற்றியும் சொல்கிறார். பகலில் இரண்டு முறை, ராத்திரியில் இரண்டு முறை குளிர்ந்த தண்ணீரில் குளியல். ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு முழுக்க சவரம். தெய்வத்தின் முன்னால் ஒரு பேன்கூட நிற்கக் கூடாது என்பது கணக்கு.

வெளியே அழுக்கு போனால் சாமி கிட்டே போகலாம். உள்ளே அழுக்கு போனால் வியாதி கிட்டே வராது. இந்த இரண்டு வாக்கியங்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் ஒரே மாதிரி இல்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

* * *

உலகத்தில் தண்ணீரைத் தொடாத மதம் அபூர்வம். இஸ்லாத்தில் தொழுகைக்கு முன்னால் ஒளு. கிறிஸ்தவத்தில் ஞானஸ்நானம். யூதர்களுக்கு மிக்வா என்கிற முழுக்குத் தொட்டி. நமக்குத் தீர்த்தங்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கவனியுங்கள். அளவு உண்டு. எப்போது செய்யவேண்டும், எத்தனை முறை, தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எல்லாம் கறாராகச் சொல்லப்பட்டிருக்கும். முடித்தால் முடிந்தது. 'இன்னும் கொஞ்சம் அழுக்கு பாக்கி இருக்கிறது, நாளைக்கும் வாங்க' என்று யாரும் சொல்வதில்லை.

உள் சுத்தத்துக்கும் நம் ஊரில் அளவு சொல்லியே வைத்திருந்தார்கள். தேரையர் என்கிற சித்த மருத்துவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். ஆயுர்வேதத்தில் பஞ்சகர்மா. அதில் ஒன்று வஸ்தி, அதாவது எனிமா. யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதற்கு இன்னொரு பட்டியல்.

ஹட யோகத்தின் கதை இன்னும் சுவாரசியம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் எழுதிய 'ஹட யோக பிரதீபிகை'யில் ஷட்கர்மா என்று ஆறு சுத்திகரிப்புகள் வருகின்றன. நாலு விரல் அகலம், பதினைந்து முழம் நீளமுள்ள துணியை நனைத்து மெதுவாக விழுங்கி, அப்புறம் வெளியே இழுக்க வேண்டும். இது தௌதி. ஆற்றில் தொப்புள் ஆழத் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, ஆசனவாயில் மூங்கில் குழாயைச் செருகிக்கொண்டு தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடுவது வஸ்தி. படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் அதே நூலில் இரண்டு இடங்களைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உடம்பில் கொழுப்பும் கபமும் அதிகமாக இருக்கிறவர்கள் மட்டும் இந்த ஆறையும் செய்தால் போதும், மற்றவர்களுக்கு வேண்டாம் என்கிறார் ஸ்வாத்மாராமர். பிறகு, மூச்சுப் பயிற்சியே எல்லா அழுக்கையும் போக்கிவிடும், இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்று அவரே பதிவு செய்கிறார். சாமியாராகப் போகிற முரட்டு ஆசாமிகளுக்கு எழுதிய புத்தகத்திலேயே இத்தனை நிதானம் இருந்திருக்கிறது.

அந்த நிதானம் எப்போது காணாமல் போனது என்று தேடினால், பில் போட ஆரம்பித்த நாளிலிருந்து என்றுதான் எனக்குப் படுகிறது.

* * *

பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸுக்கு வாருங்கள். எனிமா அங்கே பெரிய மனிதர்களின் ஃபேஷன். பதின்மூன்றாம் லூயி மன்னருக்கு அவருடைய டாக்டர் பூவார் ஒரே வருஷத்தில் 212 எனிமா, 215 தடவை பேதி மருந்து கொடுத்து, 47 முறை ரத்தமும் இறக்கியதாக ஒரு கணக்கு சொல்கிறார்கள். மன்னர் 42 வயதுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதைக் கிண்டல் அடித்து மோலியேர் ஒரு நாடகம் எழுதினார். 1673ஆம் வருஷம் மேடையேறிய 'கற்பனை நோயாளி'. பி.காம் படித்தவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டிய முதல் காட்சி அது. திரை விலகினால், ஹீரோ ஆர்கான் உட்கார்ந்து மருந்துக்கடைக்காரர் அனுப்பிய பில்களை ஆடிட் செய்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு எனிமாவுக்கும் போட்டிருக்கிற விலையைப் படிக்கிறார், அநியாயம் என்று பாதியாகக் குறைக்கிறார். கடைசியில் டோட்டல் போட்டுப் பார்த்தால் இந்த மாதம் 12 எனிமா, போன மாதம் 20. ஓஹோ, அதனால்தான் இந்த மாதம் உடம்பு அத்தனை சுகமில்லையா என்று முடிவுக்கு வருகிறார்!

எண்ணிக்கை குறைந்ததால் உடம்பு கெட்டது. கூட்டினால் சரியாகிவிடும். இந்த லாஜிக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப் போகிறது. மோலியேரே ஆர்கானாக நடித்தார். நாலாவது நாள் காட்சியில் மேடையிலேயே இருமல் முற்றி, அன்று ராத்திரியே இறந்துபோனார். டாக்டர்களைக் கிண்டல் செய்த பலன் என்று யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள்.

* * *

வெக்கெது பழைய கதை என்று உலகம் மறந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. இந்த முறை விஞ்ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு.

பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்துவிட்ட காலம் அது. குடலுக்குள் அவை கோடிக்கணக்கில் இருப்பது தெரிந்துவிட்டது. பாரிஸ் பேராசிரியர் ஷார்ல் புஷார் 1887ல் 'ஆட்டோ இன்டாக்சிகேஷன்' என்ற தலைப்பில் தன் உரைகளைப் புத்தகமாகப் போட்டார். தனக்குத் தானே விஷம் வைத்துக்கொள்வது என்று பொருள். தன் கழிவாலேயே மனிதன் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விஷமேறிச் சாகிறான்! எகிப்துக்காரன் சொன்னதுதான். ஆனால் இப்போது மைக்ராஸ்கோப் சாட்சிக்கு வந்துவிட்டது, மறுத்துப் பேச முடியுமா?

எலி மெச்னிகாஃப் சேர்ந்துகொண்டதும் கட்சி பலமாகிவிட்டது. சாதாரண ஆள் இல்லை. நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908ல் நோபல் பரிசு வாங்கியவர். பெருங்குடல் என்பது மனிதனுக்குத் தேவையே இல்லாத உறுப்பு, அங்கே அழுகுகிற பொருள்தான் நம்மைக் கிழவராக்குகிறது என்றார் அவர். பல்கேரியாவில் தயிர் சாப்பிடுகிற விவசாயிகள் நூறு வயது வாழ்கிறார்களாம், எனவே புளித்த பாலைக் குடியுங்கள் என்று சொல்லித் தானும் குடித்தார். 1916ல், 71 வயதில் காலமானார். தயிருக்கு உலக மார்க்கெட் கிடைத்தது அவர் புண்ணியம்.

இங்கேதான் மதம் மறுபடி உள்ளே வருகிறது.

அமெரிக்காவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்றொரு கிறிஸ்தவப் பிரிவு. சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்டாடுகிறவர்கள். 1863ல் அதன் தலைவி எலன் வைட்டுக்கு ஆரோக்கியம் பற்றி ஒரு தரிசனம் கிடைத்தது. உடம்பு கடவுளின் ஆலயம், அதைச் சுத்தமாக வைத்திருப்பது பக்தனின் கடமை. மாமிசம், காபி, சாராயம், புகையிலை எல்லாம் தள்ளுபடி. மூன்று வருஷம் கழித்து மிச்சிகன் மாகாணத்து பேட்டில் க்ரீக்கில் ஒரு வைத்தியசாலை ஆரம்பித்தார்கள். 1876ல் அதன் பொறுப்புக்கு வந்தவர், 24 வயது டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்.

அதே கெல்லாக்தான். கார்ன்ஃப்ளேக்ஸ் கம்பெனியை 1906ல் ஆரம்பித்தது அவருடைய தம்பி வில். அண்ணன்காரருக்கு வியாபாரத்தைவிடக் குடல்மேல்தான் காதல். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவையாவது வயிறு போகவேண்டும், குரங்குகளுக்கு அப்படித்தான் போகிறது என்பது அவர் வாதம். அவருடைய சானிடோரியத்தில் தண்ணீர் எனிமா முடிந்ததும் தயிர் வரும். பாதியை வாயால் சாப்பிடவேண்டும். மீதிப் பாதி?

சரியாகத்தான் ஊகித்தீர்கள். பணக்காரர்களும் பிரபலங்களும் க்யூவில் நின்று இந்தத் தயிரை இரண்டு வழியிலும் ஏற்றிக்கொண்டார்கள்.

1903ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே 'உயிருள்ள ஆலயம்'. தமாஷ் என்னவென்றால், ஒவ்வொரு உயிருக்குள்ளும் கடவுளே குடியிருக்கிறார் என்கிற மாதிரி அதில் எழுதிவிட்டார். நம் ஊரில் அப்படிச் சொன்னால் மாலை போடுவார்கள். அங்கே சபைக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் சில நிர்வாகச் சண்டைகளும் சேர்ந்து 1907ல் அவரைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆலயத்தைக் கழுவுகிற வேலை மட்டும் நிற்கவில்லை.

* * *

கெல்லாக் கழுவினார். லண்டனில் ஒருவர் வெட்டினார்.

சர் வில்லியம் ஆர்புத்நாட் லேன். கைஸ் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை நிபுணர். உடைந்த எலும்பைத் தகடு வைத்துச் சேர்ப்பதில் முன்னோடி, காயத்தைக் கையால் தொடாமலே ஆபரேஷன் செய்கிற முறையை வளர்த்தவர். அவ்வளவு கெட்டிக்காரருக்குப் பெருங்குடலைப் பிடிக்காமல் போய்விட்டது. அதை ஒரு சாக்கடைத் தொட்டியாகவே பார்த்தார். மலச்சிக்கல் என்று வந்தவர்களுக்குப் பெருங்குடலையே எடுத்துவிட ஆரம்பித்தார். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம். வயிற்றைத் திறந்து குடலில் கை வைப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பிழைத்தவர்களும் உண்டு, செத்தவர்களும் உண்டு. 1913ல் அவருக்குப் பேரனட் பட்டம் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குத் தூக்கம் கெட்ட இடம் லண்டன் இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், ட்ரென்டன் மனநல மருத்துவமனை. 1907 முதல் 1930 வரை அதற்குத் தலைவராக இருந்தவர் ஹென்றி காட்டன். மனநோய் என்று தனியாக எதுவும் இல்லை, உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கிற கிருமியின் விஷம்தான் மூளைக்கு ஏறுகிறது என்று அவர் முடிவு கட்டினார். விஷம் இருக்கிற இடத்தைத் துப்புரவு செய்துவிட்டால் பைத்தியம் தெளியும்!

முதலில் பல்லைப் பிடுங்கினார். தெளியவில்லை. டான்சில். அதற்கும் தெளியவில்லை என்றால் வயிறு, பித்தப்பை, கடைசியில் லேன் காட்டிய வழியில் பெருங்குடல். நோயாளிகள் எல்லாம் மனநல மருத்துவமனையில் அடைபட்டவர்கள். வேண்டாம் என்று கத்தினாலும் அதுவும் வியாதியின் அறிகுறி. பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேர் இறந்தார்கள் என்று காட்டனே ஒப்புக்கொண்டார். உண்மையில் அதைவிட அதிகம் என்று பின்னால் தெரிந்தது. இதற்கு நடுவே 85 சதவிகிதம் பேர் குணமாகிறார்கள் என்று விளம்பரம் வேறு.

1920களின் நடுவில் ஃபில்லிஸ் க்ரீனேக்கர் என்கிற இளம் பெண் டாக்டரை விசாரணைக்கு அனுப்பினார்கள். அவர் கேஸ் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், நோயாளிகளின் வீடு தேடிப் போனார். குணமானதாக எழுதப்பட்டிருந்த பலர் குணமாகவே இல்லை. சாவுக் கணக்கு மிரட்டியது. விவரமாக அறிக்கை எழுதிக் கொடுத்தார். அவரை அனுப்பிய பேராசிரியர் அடால்ஃப் மேயர், அமெரிக்க மனநல மருத்துவத்தின் பெரிய தலை. காட்டனின் குருவும்கூட. அறிக்கையை வெளியிடாமல் பூட்டி வைத்துவிட்டார். ட்ரென்டனில் அறுவை தொடர்ந்தது.

காட்டன் அயோக்கியரா? அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் அந்த மனிதர் தன் மனைவிக்கும் பிடுங்கினார், தன் சொந்தப் பிள்ளைகளுக்கும் பல்லைப் பிடுங்க வைத்தார். நம்பினார். அதுதான் பயமாக இருக்கிறது.

* * *

உள்ளே விஷம் சேருகிறது என்கிற கட்டடம் இடிந்ததற்குக் காரணம் ரொம்பச் சின்ன ஒரு கேள்வி. அமெரிக்க டாக்டர் வால்டர் அல்வாரெஸ் 1919ல் கேட்டார்.

மலச்சிக்கல் வந்தால் தலை வலிக்கிறது, சோர்வாக இருக்கிறது, எரிச்சல் வருகிறது. சரி. ரத்தத்தில் விஷம் கலந்ததால் என்கிறீர்கள். அப்படியானால் வயிறு போன அடுத்த சில நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறதே, எப்படி? ரத்தத்தில் கலந்த விஷம் அத்தனை சீக்கிரம் இறங்குமா? சாராயம் குடித்தவனுக்கு பாட்டிலைத் தூக்கி எறிந்தவுடன் போதை தெளிகிறதா என்ன?

1922ல் ஆர்தர் டொனால்ட்ஸன் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். ஆரோக்கியமான சில ஆண்களை நாலு நாள் வெளிக்குப் போகாமல் இருக்கச் சொன்னார். தலைவலி, மந்தம், எரிச்சல் எல்லாம் ஆஜர். வயிறு காலியானதும் எல்லாம் போயிற்று. அடுத்ததாக மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார்கள். அதே தலைவலி, அதே மந்தம்! பஞ்சில் ஏது விஷம்? குடல் விரிந்து நரம்புகளை அழுத்துகிற சங்கடம்தான் அது. அவ்வளவே.

(ஒரு விஷயம். நாள்பட்ட மலச்சிக்கலுக்கோ ஆபரேஷனுக்கு முன்னாலோ டாக்டர் எனிமா கொடுத்தால் அடம் பிடிக்காதீர்கள். அது அடைப்பை எடுக்கிற வேலை, விஷத்தை எடுக்கிற வேலை இல்லை. விஷம் எடுக்கிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் பார்த்துக்கொள்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர்.)

டாக்டர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். லேன் மட்டும் மாறவில்லை, 1933ல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கிக்கொண்டு பிரசாரம் செய்தார். லேன், கெல்லாக் இருவருமே 1943ல் காலமானார்கள். லேனுக்கு வயது 86, கெல்லாக்குக்கு 91.

* * *

ஆஸ்பத்திரியிலிருந்து துரத்தப்பட்ட சித்தாந்தம் எங்கே போகும்? நேராக இயற்கை வைத்தியத்துக்குப் போனது. அங்கே ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் லூயி கூனே என்பவர், டாக்டர் பட்டம் இல்லாதவர், வியாதி என்பது ஒன்றே ஒன்றுதான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். உடம்பில் சேர்ந்த அந்நியப் பொருள். அதற்கு மருந்து, இடுப்பளவு தண்ணீர்த் தொட்டியில் உட்காருவது. இந்தப் புத்தகம் இந்தியாவுக்கு வந்து நம் மொழிகளிலும் பரவியது. தென்னாப்பிரிக்காவில் ஒரு வக்கீல் மலச்சிக்கலோடு அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். கூனேயையும் அடால்ஃப் ஜஸ்ட்டையும் படித்துவிட்டு, ஃப்ரூட் சால்ட்டை விட்டு, அடிவயிற்றில் ஈரமண் பட்டி போட ஆரம்பித்தார். காந்திதான்.

அவருடைய மகன் மணிலாலுக்குப் பத்து வயதில் டைஃபாய்டு வந்தது. முட்டையும் கோழி சூப்பும் கொடுங்கள் என்றார் டாக்டர். காந்தி மறுத்துவிட்டார். கூனே முறைத் தொட்டிக் குளியல், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு, ஜுரம் 104 டிகிரியில் இருக்கும்போது ஈரத் துணிச் சுற்று. பிள்ளை பிழைத்தான். பிழைத்திருக்காவிட்டால் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் சுயசரிதையில் அதைச் சொல்லும்போது காந்தி ஜம்பம் அடிக்கவில்லை. கடவுள் கருணையா, தண்ணீர் வைத்தியமா, பத்தியமும் பணிவிடையுமா, எது காப்பாற்றியது என்று யார் சொல்ல முடியும் என்கிறார். கடைசிவரை எனிமாமீது அவருக்கு நம்பிக்கை இருந்தது. ஆசிரமத்தில் பலருக்கும் சிபாரிசு செய்தார். 1946ல் புனே பக்கத்தில் உருளி காஞ்சனில் இயற்கை வைத்திய ஆசிரமமும் தொடங்கினார்.

அதே காலத்தில் எட்மண்ட் போர்தோ ஸெகெலி என்கிற ஹங்கேரிக்காரர் இன்னும் பெரிய கை ஒன்றைப் பிடித்தார். ஏசுநாதர். வாடிகன் ரகசியக் காப்பகத்தில் ஒரு பழைய சுவடியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, 1937ல் ஆங்கிலத்தில் ஒரு 'சுவிசேஷம்' வெளியிட்டார். அதில் ஏசு, நோயாளிகளுக்கு நீளமான சுரைக்காய்க் கொடியை எடுத்துக் குடைந்து, வெயிலில் சூடான ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, மரக்கிளையில் தொங்கவிட்டு எனிமா எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்! எஸ்ஸீன் என்கிற பழைய யூதப் பிரிவின் உபதேசமாம் இது. ஸ்வீடன் அறிஞர் பெர் பெஸ்கோ விசாரித்துப் பார்த்ததில், அப்படி ஒரு சுவடி வாடிகனில் கிடையவே கிடையாது. ஆனாலும் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

நிஜ எஸ்ஸீன்கள் எப்படி? முதல் நூற்றாண்டு சரித்திரக்காரர் ஜோஸஃபஸ் சொல்கிறார்: ஓய்வு நாளில் அவர்கள் வெளிக்கே போகமாட்டார்கள். மற்ற நாட்களில் ஒதுக்குப்புறமாகக் குழி தோண்டி, மூடிவிட்டு வந்து குளிப்பார்கள். அவர்கள் வாழ்ந்ததாகப் பலரும் கருதுகிற கும்ரானில் அந்தக் கழிப்பிடத்தையே ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டு 2006ல் எழுதினார்கள். மண்ணில் குடல் புழுக்களின் முட்டைகள் இருந்தன. எல்லோரும் ஒரே தொட்டியில் முங்கிச் சுத்தமானதில்தான் புழு ஊர் முழுக்கப் பரவியிருக்கும் என்று அவர்களில் ஒருவர் ஊகிக்கிறார்.

இது பழங்கதை என்று நினைத்தால், 1978க்கும் 1980க்கும் நடுவே அமெரிக்காவின் கொலராடோவில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு மாற்று வைத்திய கிளினிக்கில் குடல் கழுவுகிற மெஷின். அதற்குள்ளேயே கழிவு தங்கி, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அமீபா போய்க்கொண்டிருந்தது. 36 பேருக்குக் கடுமையான சீதபேதி. பத்துப் பேருக்குப் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு பேர் செத்துப்போனார்கள். சுத்தமாவதற்காகக் காசு கொடுத்துப் போனவர்கள்.

* * *

கடைசியாகக் காபிக்கு வருவோம். குடிக்கிற காபி இல்லை.

ஹிட்லரிடமிருந்து தப்பி 1936ல் அமெரிக்கா போன ஜெர்மன் யூத டாக்டர் மேக்ஸ் கெர்சன். புற்றுநோய்க்கு அவர் சொன்ன வைத்தியம்: உப்பில்லாத மரக்கறிச் சாப்பாடு, மணிக்கொரு டம்ளர் ஜூஸ், தினம் பல தடவை காபி எனிமா. காபி கல்லீரலைத் திறந்து விஷத்தை வெளியே தள்ளுகிறது என்பது விளக்கம். 1958ல் ஐம்பது நோயாளிகளின் கதையைப் புத்தகமாகப் போட்டார், அடுத்த வருஷமே இறந்துபோனார். அவர் மகள் அதைத் தொடர்ந்தார். மெக்ஸிகோவில் கிளினிக்குகள் முளைத்தன. காபி எனிமா அளவு மீறியதில் ரத்தத்தின் உப்புச் சத்துகள் தாறுமாறாகி சியாட்டிலில் இரண்டு பேர் இறந்ததை 1980ல் மருத்துவப் பத்திரிகை பதிவு செய்தது. அதில் ஒருவர் ஒரே ராத்திரியில் பத்து தடவை எடுத்துக்கொண்டவர். ஆர்கானின் கணக்கு ஞாபகம் வருகிறதா?

காபி எனிமாவை முறையாகச் சோதிக்கவேயில்லை என்று ஒரு புகார் இருந்தது. சோதித்தார்கள். கணையப் புற்றுநோய். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் உதவியோடு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில். கெர்சன் முறை அல்ல, அதன் தூரத்துச் சொந்தம்: என்சைம் மாத்திரை, பத்தியம், காபி எனிமா கொண்ட நிகோலஸ் கொன்சாலஸின் முறை. எது வேண்டும் என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். கீமோதெரபி 23 பேர். காபி எனிமாவும் என்சைமும் 32 பேர். 2009ல் முடிவு வெளியானது. கீமோ எடுத்தவர்கள் நடு மதிப்பாக 14 மாதம் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் 4.3 மாதம். கொன்சாலஸ் இந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை.

கிட்டத்தட்ட பத்து மாதம். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு பிள்ளையின் முழுப் பள்ளிக்கூட வருஷம்.

கெர்சனின் புத்தகம் வந்த அதே 1958ல், அதே கொலராடோ மாகாணத்தின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்கிற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு சங்கதியைப் பதிவு செய்தார். ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்கள் அழிந்துபோய், கடும் பேதியில் சாகக் கிடந்தார்கள் நாலு பேர். வேறு வழியில்லை. ஆரோக்கியமான மனிதர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாக உள்ளே ஏற்றினார்கள். நாலு பேரும் பிழைத்தார்கள்.

ரொம்ப வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்தில் முறையாகச் சோதித்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள், 16 பேரில் 13 பேர் ஒரே டோஸில் குணம். 2022 நவம்பரில் அமெரிக்க அரசு இப்படி ஒரு மருந்துக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது. இன்னொருவர் குடலிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை, பையும் குழாயுமாக, ஆசனவாய் வழியே உள்ளே அனுப்புகிறார்கள். எதை வெளியே தள்ள 4,000 வருஷமாகப் பாடுபட்டோமோ, அதையேதான்.